பாஸுக்கு ஒரு சோடி கிளவுஸ்

ஒரு மாதத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசையில் நற்கருணை கொடுக்கும் நேரம்.

எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயிலில் அதற்கு இரண்டு வரிசை நிற்கும். நடுவில் சுவாமி, அதாவது எங்கள் பாதிரியார், கொடுப்பார். இடது பக்கத்தில், அவருக்கு உதவியாக, சபையில் ஒருவர் கொடுப்பார். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வரி: அந்தச் சின்ன வெள்ளை அப்பம் எங்களுக்கு அப்பம் அல்ல, ஆண்டவர். அதனால் அதைக் கொடுக்கிற கையைச் சனம் பார்க்கத்தான் செய்யும்.

அன்று சுவாமியின் வரிசை வாசல்படி வரைக்கும் நீண்டிருந்தது.

இடது வரிசையில்? நான். கைக்குழந்தையோடு ஒரு தாய். கண் மங்கிய ஒரு பெரியவர். அவ்வளவுதான்.

யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. காற்றாடிக்குக் கீழே போய் நிற்கப் போகிறவர்கள் மாதிரி, மெல்ல மெல்ல நடு வரிசைக்கு நகர்ந்தார்கள். எங்கள் கோயிலில் காற்றாடி இடது பக்கத்தில்தான் சுற்றுகிறது என்பது வேறு விடயம்!

இடது பக்கத்தில் நற்கருணைக் கிண்ணத்தோடு நின்றவர் யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார்... எங்கள் வீட்டுக்காரர்தான்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு இவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெயர் சேவியர். கராஜ் வைத்திருக்கிறார். கராஜ் என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டோடு ஒட்டின ஒரு தகரக் கொட்டில். ஒரு கார் உள்ளே நிற்கும், ஒரு கார் வெளியே ஒடுங்கின ஒழுங்கையில் நிற்கும், ஒழுங்கையில் நிற்கிற காரைச் சுற்றி அயலவர்களின் முணுமுணுப்பு நிற்கும். கையால் தொழில் செய்கிறவரைக் கொழும்பில் தமிழர், சிங்களவர் எல்லோருமே 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் சேவியர் பாஸ்.

இருபது வருட வேலை. இருபது வருட ஒயில். அது கையின் மேலே இருந்தால் கழுவிவிடலாம். உள்ளே அல்லவா இருக்கிறது! நகக்கண்ணில், வெடிப்பில், ரேகையில். கைபார்த்துச் சாத்திரம் சொல்கிறவர்களிடம் இவர் போனால், எது ஆயுள் ரேகை, எது கிரீஸ் ரேகை என்று தெரியாமல் அவர்கள் தங்கள் சொந்த ஆயுளைத்தான் குறைத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தால் எங்கள் கிணற்றடியில் ஒரு சடங்கு நடக்கும். முதலில் மண்ணெண்ணெய். பிறகு துணிக்கு அடிக்கிற சவர்க்காரம். பிறகு தேசிக்காய். கடைசியில் தேங்காயெண்ணெயில் சீனியைக் கலந்து தேய்ப்பார். ஒரு மீனைச் சமைக்கக்கூட நான் இவ்வளவு பாடுபடுவதில்லை. முடிந்ததும் கையைத் தூக்கிக் காட்டுவார்.

"எப்பிடி?"

"மீன் வெள்ளை, கோடு மட்டும் கறுப்பு" என்பேன்.

சிரிப்பார். ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஏன் தெரியுமா? நற்கருணை கொடுக்கிற இந்த வேலை இவர் கேட்டு வாங்கியது அல்ல. முன்பு சுவாமிக்கு உதவி செய்தவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். ஒருநாள் சுவாமி கராஜுக்கே வந்து, காருக்கு அடியில் கிடந்தவரின் காலைப் பார்த்துக் கதைத்தார்.

"சேவியர், நீ வந்து எனக்கு உதவி செய்ய வேணும்."

கால் அசையவில்லை. அடியில் இருந்து குரல் மட்டும் வந்தது. "சுவாமி, நான் எட்டாம் வகுப்பு."

"ஆண்டவர் சோதினை வைக்கேல்ல."

அவ்வளவுதான். அடுத்த கிழமை முழுக்க எங்கள் கராஜில் ஒத்திகை. "கிறிஸ்துவின் திருவுடல்... கிறிஸ்துவின் திருவுடல்..." கார் எடுக்க வந்த ஒரு முதலாளி, வண்டிக்கு அடியில் இருந்து இந்தச் சத்தம் வரப் பயந்து, "பாஸ், என்ர காருக்கு அவ்வளவு மோசமா?" என்று கேட்டுவிட்டார்!

அப்படி ஆசையாக ஏற்ற வேலையில், மூன்றாவது ஞாயிறே வரிசை காலி.

அதோடு விட்டிருக்கலாம். பூசை முடிந்து படியில் இறங்கும்போது பிலோமினா அக்கா பிடித்துக்கொண்டார். பக்கத்து வீடு. விடிய எழும்பி இடியப்பம் அவித்து விற்கிறவர். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்... அது பிழை. மனதில் உள்ளது எல்லாம் உடனே வெளியே வந்துவிடும் என்பதுதான் சரி.

"தம்பி சேவியர், உன்னட்ட ஆண்டவரை வாங்கினா ஆண்டவரும் வாறார், அரைப் போத்தல் ஒயிலும் வருகுதடா!"

நின்ற எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் அன்று மத்தியானம் இறைச்சிக் கறியை இரண்டாம் முறை கேட்கவில்லை. இருபது வருடத்தில் இது நடந்ததே இல்லை.

"இந்த மாசம் முடியட்டும். சுவாமியிட்டச் சொல்லிப்போட்டு நிப்பாட்டப் போறன்" என்றார்.

"ஏன்?"

"வேற ஆள் பாக்கட்டும். வெள்ளைக் கைக்காரர் எத்தினை பேர் இருக்கினம்."

நான் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு தீர்மானம் எடுத்தேன். கையை மூடினால் ஒயில் படாது. ஒயில் படாவிட்டால் கறுப்பு ஏறாது. ஒரு மாதம் இருக்கிறது. இதற்குப் போய்ப் பெரிய படிப்பு வேணுமா? ஒரு சோடி கையுறை போதாதா?

போதாது என்பதை நான் படிப்படியாகத்தான் கண்டுபிடித்தேன்.

முதலாவது, என்னுடையது. நான் பாத்திரம் கழுவப் போடுகிற ரோஸ் நிற ரப்பர் கையுறை. செலவு இல்லை. இவர் அதைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போனபோது, ஒழுங்கையே வேலையை விட்டு வேடிக்கை பார்த்தது. அரை மணித்தியாலம் போயிருக்காது... ஒரு நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால், இவர் கையை உதறிக்கொண்டு நிற்கிறார். கொதிக்கிற சைலன்ஸர் குழாயில் விரல் நுனி பட்டு, ரப்பர் உருகி அப்படியே ஒட்டிவிட்டது.

கார்க்காரர் குனிந்து பார்த்தார். "என்ன பாஸ், சைலன்ஸருக்குக் கியூட்டெக்ஸ் பூசியிருக்கிறியள்?"

சரி. சூடு தாங்க வேண்டும். அப்படியென்றால் தோல்தான்!

பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கொழும்பில் எந்தக் காரின் எந்தத் துண்டும் அங்கே கிடைக்கும் — சிலவேளை உங்கள் காரின் துண்டே கிடைக்கும். வெல்டிங் வேலை செய்கிறவர்கள் போடுகிற தோல் கையுறை ஒரு சோடி வாங்கினேன். முழங்கை வரைக்கும் வரும். இவர் போட்டதும் விக்கெட் காப்பாளர் மாதிரி இருந்தது. நல்ல பாதுகாப்பு. சூடு ஏறாது, வெட்டாது, ஒயிலும் உள்ளே வராது.

ஒரேயொரு குறை. கையால் ஒன்றும் செய்ய முடியாது.

கார்புரேட்டரில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறதாம். குன்றிமணி அளவு. அதை இவர் எடுக்கப் போக, அது விழுந்து என்ஜினுக்குள் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. காந்தத்தை நூலில் கட்டி உள்ளே விட்டு, மீன் பிடிக்கிற மாதிரி மத்தியானம் வரைக்கும் பிடித்தார். நான் புனித அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்த பிறகுதான் ஆணி அகப்பட்டது. இவர் அதைக் காந்தத்தின் வெற்றி என்கிறார். நான் வாதாடவில்லை.

"இஞ்சாரும், கிளவுஸ் போட்டா நட்டின்ர மூலை விரலுக்குத் தெரிய வேணும். தெரியாட்டி அது கிளவுஸ் இல்ல, தலகாணி!" என்றார்.

சரி. மெல்லிசாக இருக்க வேண்டும். விரலுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது புறக்கோட்டை நடைபாதை. ஏற்றுமதிக்குச் செய்து, ஏதோ குறை என்று கழித்த சாமான்கள் குவியலாகக் கிடக்கும். அதில் பின்னல் கையுறை — உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசியது. மெத்தென்று இருந்தது. விலையோ கொள்ளை மலிவு. என்ன குறை என்று கழித்தார்கள்? தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு நூல் பிரியவில்லை. பிழைத்தேன் என்று ஆறு எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. அவ்வளவும் இடது கை.

"பரவாயில்ல, வலக்கையில மாறிப் போடுவம்" என்றார் பாவம். மாறிப் போட்டால் ரப்பர் புறங்கையில் வரும். ஒயில் உள்ளங்கைப் பின்னலுக்குள் ஊறும். அதைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் பெருவிரல் பின்பக்கமாக இழுபட்டு முழுதாக உள்ளே போகாமல், பின்னல் நுனி ஒன்று வெறுமையாகத் தொங்கியது.

அன்று ஒரு வான் வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் எதையோ தொட்டுப் பார்க்கக் கையை உள்ளே விட்டார். தொங்கின நுனியை, சுற்றுகிற பெல்ட் பிடித்துவிட்டது.

நான் கேட்டது ஒரு சத்தம்தான். போனபோது இவர் வெறுங்கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையுறை என்ஜின் காற்றாடிக்குள் துண்டு துண்டாகச் சுற்றுகிறது. விரல் ஐந்தும் இருக்கிறதா என்று நான் எண்ணினேன். பிறகு இன்னொரு முறை எண்ணினேன்.

"சுத்துற பெல்ட்டுக்குக் கிட்டக் கிளவுஸ் போடக் கூடாது எண்டு சின்னப் பெடியனுக்கும் தெரியும்" என்றார், மூச்சு வந்த பிறகு.

"தெரிஞ்சும் ஏன் போட்டனீங்கள்?"

"நீர் வாங்கித் தந்தனீர் எல்லோ!"

அன்று செபமாலையில் எனக்கு நன்றி மட்டும்தான் வந்தது. கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

இதற்குள் இரண்டு ஞாயிறு போய்விட்டது. இடது வரிசையில் நானும் அந்தத் தாயும் பெரியவரும்தான். பெரியவருக்குக் கண் சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பதாகக் கேள்விப்பட்டபோது, நான் கொஞ்சம் கவலைப்பட்டேன் என்றால் ஆண்டவர் மன்னிக்க வேண்டும்.

எனக்குத் தங்கச்சி முறையான ரஜனி, களுபோவில ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவளிடம் அழுதேன்.

"அக்கா, நாங்கள் போடுற மெல்லிசு கிளவுஸ் போட்டா என்ன? தோல் மாதிரியே இருக்கும். ஒயில் உள்ளுக்கு வராது. இழுபட்டா கிழிஞ்சு போகும், கையைப் பிடிச்சு இழுக்காது."

எவ்வளவு சரியான யோசனை! "ஒரு பெட்டி கொண்டு வாவன்."

"ஆஸ்பத்திரிச் சாமானோ? விளையாடுறியளோ? பார்மசியில காசு குடுத்து வாங்குங்கோ!"

வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் என் அக்கா வீட்டுக்குப் போனேன். திரும்பும்போது அங்கேயே ஒரு பார்மசியில் பெட்டியாக வாங்கினேன். பெட்டியாக வாங்கினால் மலிவு அல்லவா? பையில் அக்கா தந்த கதலி வாழைப்பழம், அதற்குக் கீழே கையுறைப் பெட்டி. மனம் நிறைந்து பஸ் ஏறினேன். ஞாயிறுதான் மாதத்தின் கடைசி ஞாயிறு. இரண்டு நாளில் இருபது வருடக் கறுப்பு போகாது. ஆனால் பெட்டியைக் காட்டி, "இன்னும் ஒரு மாதம் பொறுங்கோ" என்று சொல்ல ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

கோட்டைக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இதில் புதினம் ஒன்றும் இல்லை. இந்த யுத்த காலத்தில் தமிழர் எங்களுக்குப் பஸ் பயணம் என்றால் பாதி இருந்து, பாதி நடந்து.

பொலிஸ்காரப் பெண் பையைத் திறந்தாள். வாழைப்பழத்தைத் தூக்கினாள். பெட்டியைத் தூக்கினாள்.

"மே மொனவாத?" இது என்ன?

"கிளவுஸ்."

"காட்டத?" யாருக்கு?

"மஹத்தயாட்ட." என் கணவருக்கு.

"மஹத்தயா டொக்டர்த?"

"நே. கராஜ் பாஸ்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தாள். பிறகு தன் மேலதிகாரி சார்ஜனைக் கூப்பிட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்துக்கடைச் சாமான் பெட்டியாக எங்கள் ஆட்களின் பையில் இருந்தால், அது வடக்கே சண்டை பிடிக்கிறவர்களுக்குப் போகிறதா என்று கேட்கிற காலம் இது. கேட்பது அவர்கள் வேலை. நான்தான் மடைச்சி! சூட்டை யோசித்தேன், தடிப்பை யோசித்தேன், விரல் நுனியை யோசித்தேன். வாங்குகிறவளின் பெயரை யோசிக்கவில்லை.

சார்ஜன் வயதானவர். பெரிய மீசை. அமைதியாகத்தான் சிங்களத்தில் கேட்டார்.

"கார் திருத்துகிற ஆளுக்கு டொக்டர் போடுகிற கிளவுஸ் எதற்கு?"

"கை சுத்தமாக இருக்க வேண்டும், சேர்."

"கார் திருத்துகிற ஆளின் கை ஏன் சுத்தமாக இருக்க வேண்டும்?"

"பள்ளியில் கொம்யூனியன் கொடுக்க." கோயிலில் நற்கருணை கொடுக்க.

அவர் ஒவ்வொன்றாக விரலை மடக்கினார். டொக்டர் சாமான், கார், பள்ளி. பொய் ஒன்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நான் சொன்னதோ மூன்று உண்மை — ஒன்றோடு ஒன்று ஒட்டாத மூன்று உண்மை!

"அந்த பாஸை வரச் சொல்லு" என்றார்.

மணல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்காருகிற மர வாங்கு ஒன்று. அதில் இருக்கச் சொன்னார்கள். வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நான் வந்த பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. கைப்பைக்குள் செபமாலையை உருட்டினேன். ஆனால் செபம் ஓடவில்லை. வேறு ஒன்று ஓடியது. ஆயுதம் பிடித்த கையா என்று அறிய, கையில் என்ன தழும்பு, முழங்கையில் என்ன காயம் என்று பார்க்கிறார்களே... இவருடைய கையில் இல்லாத தழும்பா? சைலன்ஸர் சுட்டது, தகடு வெட்டியது, பற்றரி அமிலம் தெறித்தது. பெட்டிக்காக என்னை வைத்திருக்கிறார்கள். கைக்காக இவரையும் வைத்துவிட்டால்? ஏன் போன் எடுத்தேன்?

திரீவீலர் ஒன்று வந்து நின்றது. இவர் இறங்கினார். வேலையில் இருந்து அப்படியே எழும்பி வந்திருக்கிறார். சேட்டில் ஒயில், நெற்றியில் ஒயில், கை இரண்டும் கரிச்சட்டி. அடையாள அட்டை அழுக்காகிவிடக் கூடாதென்று அதைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று குனிந்துகொண்டேன்.

"அத் தெக்க பென்னன்ன."

இரண்டு கையையும் காட்டு. இந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் வீடுகளில் யாருக்குத்தான் நெஞ்சு இடிக்காது?

இவர் நீட்டினார். சார்ஜன் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். நகத்தைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். ரேகையைத் தன் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். பிறகு... குனிந்து மணந்தே பார்த்தார்!

"டீசல்?"

"இல்லை சேர். கியர் ஒயில்."

இன்னொரு முறை மணந்தார். முகத்தைச் சுளித்தார்.

"எதற்கு உனக்கு அந்தக் கிளவுஸ்?"

நான் என்ன சொன்னேன் என்று இவருக்குத் தெரியாது. போனில் "உடனே கோட்டைச் சாவடிக்கு வாங்கோ" என்றதோடு வைத்துவிட்டேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்:

"பள்ளியில் கொம்யூனியன் கொடுக்கிறேன், சேர். என் கை கறுப்பு என்று சனம் வாங்க வருகிறதில்லை. எனக்கு மனவருத்தம். அதுதான் என் நோனா வாங்கியிருக்கிறாள்."

எனக்குக்கூட இவர் இதை இப்படி நேராகச் சொன்னதில்லை. மணல் மூட்டைக்குப் பக்கத்தில், துவக்குப் பிடித்த பொலிஸாருக்கு முன்னால், முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் சொன்னார்.

சார்ஜன் அந்தக் கையை உடனே விடவில்லை. ரேகையை இன்னொரு முறை பார்த்தார்.

"ஹரி, பாஸ். யன்ன." சரி, போங்கள்.

நான் வெளியே வந்தேன். பெட்டி உள்ளே போனது. விசாரித்துவிட்டுத் தருவார்களாம். திரும்பிப் பார்த்தேன். சார்ஜன் வெள்ளைக் கைக்குட்டையால் தன் விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். போகாது சேர், சீனியும் தேங்காயெண்ணெயும் போடுங்கள் என்று வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். (இந்த வரியை ஆசிரியர் வெட்டாமல் விடுவார் என்று நினைக்கிறேன்.)

திரீவீலரில் இவர் கையைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்.

"இனி எனக்கு நீர் ஒண்டும் வாங்க வேண்டாம்."

"சரி."

புறக்கோட்டையைத் தாண்டினோம்.

"அப்பிடி வாங்கினாலும் ரெண்டு சோடியா வாங்கும். பெட்டியா வாங்க வேண்டாம்."

அடுத்த நாளே ஒழுங்கை முனைப் பார்மசியில் சில்லறையாக இரண்டு சோடி வாங்கினேன். ரஜனி சொன்னது சரிதான். ஒயில் வேலைக்கு அது நல்லது. கிழிந்தால் வேறு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கொதிக்கிற குழாய்க்கு அந்தத் தோல் கையுறை. சுற்றுகிற பெல்ட்டுக்குக் கிட்ட எதுவுமே இல்லை, வெறுங்கை. வீட்டில் கார் திருத்துகிற வாசகர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒரே கையுறை என்று ஒன்று இந்த உலகத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மனுசன்தான் எங்களுக்கு வாய்த்திருக்கிறது!

ஆனால் பழைய கறுப்பு? சனிக்கிழமை மண்ணெண்ணெய், தேசிக்காய் எல்லாம் நடந்தது. கோடுகள் அப்படியே நின்றன.

"நாளைக்குப் பூசை முடியச் சுவாமியிட்டச் சொல்லப் போறன்" என்றார்.

"இன்னும் ஒரு மாசம்..."

"காணும், மேரி. போதும்."

நான் வேலியடிக்குப் போய் நின்று கொஞ்சம் அழுதேன். பிலோமினா அக்கா கண்டுவிட்டார். என்ன, ஏது என்று கேட்டார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கு, மணல் மூட்டை, சார்ஜன் மணந்து பார்த்தது, இவர் சொன்ன பதில். அக்கா இடைக்கிடை "என்ர மாதாவே" என்றதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா" என்று கேட்டுக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு செய்தியைப் பரப்ப இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்ன?

ஞாயிறு. நற்கருணை நேரம். சுவாமி நடுவில் வந்து நின்றார். இவர் இடது பக்கத்தில். கிண்ணத்தைப் பிடித்த விரல்களை உள்ளே மடக்கி மறைத்துக்கொண்டார். இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டு நிற்கிறார்.

நான் எழும்பினேன். எனக்கு முன்னால் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். பார்த்தால் பிலோமினா அக்கா!

இந்த அக்கா எப்போதும் நடு வரிசைதான். சுவாமியிடம்தான். அதுவும் நாக்கில்தான் வாங்குவார், கையில் வாங்குவது புதுப்பழக்கம் என்று ஏசுவார். அன்று இவருக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினார். இடியப்பச் சட்டி சுட்ட தழும்பு, ஆவியில் வெந்த விரல்... அந்தக் கையை நானும் இத்தனை வருடம் பார்த்ததில்லை.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் இவர். பின்னால் நின்ற எனக்கே அரைவாசிதான் கேட்டது.

"ஆமென்!" என்றார் அக்கா. மட்டக்குளி வரைக்கும் கேட்டிருக்கும்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வரிசை. துறைமுகத்தில் வேலை செய்கிற ஆட்கள், மரக்கறிக்கடை தம்பி, பாடகர் குழு... வாசல்படி வரைக்கும். காற்றாடிக்குக் கீழே நிற்க இத்தனை பேருக்கு ஆசை வந்துவிட்டது! நடுவில் சுவாமி கிண்ணத்தோடு நிற்கிறார். அவருக்கு முன்னால் பீடப் பையன்கள் இரண்டு பேர், அவர்களும் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு.

பூசை முடிந்தது. இவர் உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போனார். நானும் பின்னால் போய்க் கதவடியில் நின்றேன்.

"சுவாமி, உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும்..." என்று தொடங்கினார்.

சுவாமி திரும்பிப் பார்த்தார்.

"நில்லு சேவியர், முதல்ல நான் கேக்கிறன். அந்த ஒயில் எந்தக் கடையில வாங்கிறனி? அடுத்த கிழமைக்கு எனக்கும் ஒரு போத்தல் வேணும்."